கன்னக்கோல், காவல்கூலி, கைரேகை

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் ஒரு சொற்பொழிவு வருகிறது. பேசுபவன் பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான் என்பது நமக்குத் தெரியும், காவலர்களுக்குத் தெரியாது. கோவலனைப் பார்த்த காவலர்கள், ‘இந்த முகத்தைப் பார்த்தா திருடன் மாதிரி தெரியலையே’ என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டுக் களவு நூல் சொல்லத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி ஆகிய எட்டும் கள்வருக்குத் துணை என்கிறான். கேட்டுக்கொண்டிருந்த இளங்காவலன் ஒருவன் தன் பழைய பயத்தைச் சொல்கிறான்: மழைக்கால நள்ளிரவு, கையில் உளி, நீல உடை, உருவிய என் வாளையே பறித்துக்கொண்டு போய்விட்டான் ஒருவன், பிறகு ஆளைக் காணவில்லை. பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதே குடிவெறியில் இருந்த இன்னொருவன் வாளை வீசிவிடுகிறான்.

இந்தக் காட்சியை ஊழ்வினை என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடித்தான் நமக்குப் பாடம் நடத்தினார்கள். எனக்கு இது வீடும் பொருளும் காப்பது பற்றிய ஓர் அரசியல் பிரதியாகவே படுகிறது. கள்வன் எப்படி இருப்பான் என்று வரையறுக்கும் அறிவு இங்கே திருடியவன் கையில் இருக்கிறது. அதிகாரத்துக்கு நெருக்கமாக நிற்பதால் அந்த அறிவு செல்லுபடியாகிறது. ஊருக்குப் புதியவனும் கேட்க நாதியற்றவனுமான ஒருவனின் உடம்பில் அது இறங்குகிறது. கண்ணால் கண்டதை நூல் தோற்கடித்துவிடுகிறது.

வீட்டைத் திருடரிடமிருந்து எப்படிக் காப்பது என்ற கேள்வி இன்று பூட்டு, கிரில், நாய், கேமரா, செக்யூரிட்டி என்று ஒரு தொழில்நுட்பக் கேள்வியாகச் சுருங்கிவிட்டது. ஊருக்குப் போகும்போது போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று அறிவிப்பு ஒட்டுகிறார்கள். நல்ல யோசனைதான், நானும் சொல்லிவிட்டுப் போனவன்தான். ஆனா, யாருடைய வீட்டை யாரிடமிருந்து காப்பது என்ற கேள்வி அந்த அறிவிப்பில் இல்லை. அதற்கு வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. நான் எடுத்துக்கொள்வது மதுரைச் சீமையின் காவல் முறையையும், அதை உடைத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கப்பட்ட சட்டத்தையும்.

மதுரைக்காஞ்சியில் இரவு மதுரையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. இருட்டோடு இருட்டாக உடுத்தி, நூலேணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கல்லையும் மரத்தையும் அறுக்கும் வாளோடு கள்வர் திரிகிறார்கள். அவர்களை எதிர்கொள்ளும் ஊர்க்காவலர்கள் உறங்காக் கண்ணினர், அம்பு ஏந்தியவர்கள், தெருவில் நீர் ஓடும் மழை இரவிலும் வெளியே வருகிறவர்கள். அதோடு அவர்கள் நூல் கற்றவர்கள் என்றும் பாட்டு சொல்கிறது. அதாவது கள்வனுக்குத் தெரிந்தது காவலனுக்கும் தெரியும். இருவருக்கும் ஒரே இரவு. இந்த நெருக்கம்தான் பின்வரும் நூற்றாண்டுகளின் காவல் முறைக்கு ஆதாரம். கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற பெயரில் ஊர் காக்கும் உரிமையும் அதற்கான வரியும் வருகின்றன. புதுக்கோட்டைப் பகுதிக் கல்வெட்டுகளில் பஞ்சம், சண்டை, கடன் என்று நொடித்த ஊர்கள் தங்கள் பாடிகாவல் உரிமையையே விற்றுக்கொடுத்த செய்திகளும் உண்டு. காவல் என்பது சேவையாக மட்டும் இருந்ததில்லை. வாங்கவும் விற்கவும் கூடிய உரிமையாக, ஊரின் மேல் செலுத்தும் ஆட்சியாக இருந்தது.

நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் இது இரண்டு அடுக்காக இயங்கியது. ஊரளவில் தலக்காவல், வட்டாரம் முழுதும் பாளையக்காரர்கள் கையில் திசைக்காவல். மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்கள், திருநெல்வேலிப் பக்கம் மறவர்கள், இன்னும் பல இடங்களில் பல சாதியினர் காவல் பார்த்தார்கள். கதிர் அறுத்தால் களத்தில் காவல்காரர் பங்கு தனியாக அளந்து வைக்கப்படும். அதற்கு ஈடாகக் காவல்காரர் தந்த உறுதி, இன்றைய போலீஸ் யாருக்கும் தராத ஒன்று: திருட்டுப்போனால் பொருளை மீட்டுத் தருவேன், முடியாவிட்டால் ஈடு கட்டுவேன். இன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகூட ஆயிரம் கேள்வி கேட்கிறது.

வீட்டுச் சுவர் மண்சுவர். கன்னக்கோல் என்ற இரும்புக் கம்பியால் நிலைப்படிக்குப் பக்கத்திலோ பின்சுவரிலோ ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிடலாம். இதைத்தான் கன்னம் வைத்தல் என்றார்கள். அந்தச் சுவரை நம்பி யாரும் தூங்கவில்லை. என் அப்பத்தா தோட்டையும் மூக்குத்தியையும் புளிப்பானைக்குள் போட்டுவைப்பார். அது கடைசி அரண், அவ்வளவுதான். முதல் அரண் திண்ணையில் படுத்திருக்கும் ஆள், எதிர்வீட்டுக் கிழவியின் இருமல், ஊர்க்காவல்காரரின் பெயர். ‘இன்னார் காவல்’ என்று தெரிந்தால் கன்னக்கோல் அந்தத் தெருவுக்குள் வராது என்பது கணக்கு.

மாடு களவுபோனால் துப்புக்கூலி. உரியவர் ஓர் இடைத்தரகரைப் பிடிப்பார், மாட்டு விலையில் பாதியோ அதற்குக் கொஞ்சம் குறைவோ கைமாறும், மறுநாள் விடியலில் மாடு எங்காவது ஒரு மரத்தடியில் கட்டிக் கிடக்கும். யார் ஓட்டிப்போனார், யார் கட்டினார் என்று கேட்கக் கூடாது. பிரிட்டிஷ் அதிகாரிகள் இதை எழுதும்போது அவர்களுக்கு வரும் கோபத்தைப் பார்க்க வேண்டும். மதுரை மாவட்டக் கெசட்டியரை 1906இல் எழுதிய பிரான்சிஸும், 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளையும் பழங்குடிகளையும் தொகுத்த எட்கர் தர்ஸ்டனும் காவல்முறையை மிரட்டிப் பணம் பறிக்கும் ஏற்பாடாகவே பதிகிறார்கள். திருடுகிறவனும் அவனே, காவல்காரனும் அவனே, இது என்ன கூத்து என்ற தொனி. அந்தக் கூத்து ஐரோப்பாவிலும் நடந்ததுதான். அரசு என்கிற அமைப்பே, தான் அச்சுறுத்தக்கூடிய ஆபத்திலிருந்து காப்பதாகச் சொல்லி வரி வாங்குவதில் கட்டப்பட்டது என்று வரலாற்றுச் சமூகவியலாளர் சார்லஸ் டில்லி 1980களில் எழுதினார். மாடு ஓட்டிப்போன காவல்காரருக்கும் நிலத்தீர்வை வாங்கிய கம்பெனிக்கும் உள்ள வேறுபாட்டைக் கெசட்டியர் விளக்குவதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளில் நம் சிற்றிதழ்களில் விளிம்புநிலை வரலாறு எழுத ஆரம்பித்தபோது, காலனியம் அழித்தது எல்லாம் நல்லது என்கிற ஒரு சாய்வு வந்துவிட்டது. காவல்முறையை அப்படிக் கொண்டாட முடியாது. காவல்கூலி தர மறுத்தவரின் வைக்கோல்போர் எரிந்தது, கிணற்று மாடு காணாமல் போனது. வீட்டைக் காப்பது யார் என்பது சாதி ஆதிக்கத்தின் கணக்கோடு பிணைந்திருந்தது. தலையாரியாகவும் வெட்டியானாகவும் வயலையும் ஊரையும் காத்து நின்ற தலித்துகளுக்கு இந்தக் காவல் அதிகாரத்தில் பங்கு கிடைக்கவில்லை. உழைப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.

கம்பெனி ஆட்சி பாளையக்காரர் போர்களை ஒட்டித் திசைக்காவலைப் பிடுங்கிக்கொண்டது. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவரையும் தலையாரியையும் அரசின் கிராமப் போலீசாக அறிவித்தது; காவல்கூலி சட்டத்துக்குப் புறம்பானது. 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. இதெல்லாம் காகிதத்தில். தரையில் காவல்கூலி நின்றுவிடவில்லை. மதுரை நகருக்குள்ளேயே கீழக்குயில்குடிக்காரர்களுக்கு வீதிக் காவல் கூலி கொடுத்துவந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் ஊரிலேயே மக்கள் காவலுக்குத் தனியாகக் கூலி கொடுத்தது மதுரையோடு போகவில்லை. இன்று அடுக்குமாடிகளில் மாதாமாதம் வசூலிக்கும் மெயின்டனன்ஸ் பணத்தில் காவலாளி சம்பளம் எவ்வளவு என்று பார்த்தால் தெரியும்.

1896இல் திண்டுக்கல், பழனி, பெரியகுளம் தாலுகாக்களில் பண்டு இயக்கம் பரவியது. ஃபண்ட் என்ற ஆங்கிலச் சொல்தான் பண்டு ஆனது. இடையர்கள் முன்னின்றார்கள், பிற குடியானவச் சாதியினரும் சேர்ந்தார்கள். ஊர்தோறும் பணம் சேர்த்து, களவுபோன மாட்டுக்கு அந்தப் பொது நிதியிலிருந்து ஈடு கொடுப்பது, துப்புக்கூலி கொடுப்பதில்லை, கள்ளரைக் காவலுக்கு வைப்பதில்லை என்பது ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒருவகைக் கூட்டுறவு இன்சூரன்ஸ். ஆனால் இயக்கம் அதோடு நிற்கவில்லை. பல ஊர்களில் கள்ளர் குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. தங்கள் வீட்டைக் காக்கத் திரண்டவர்கள் அடுத்தவர் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஆனந்த் பாண்டியன் இந்த இயக்கத்தைப் பற்றி எழுதும்போது காட்டுகிற ஒரு விஷயம் முக்கியம்: திருட்டு எதிர்ப்பின் வழியாகத்தான் ‘ஒழுங்கான குடியானவன்’ என்றொரு ஆள் உருவாக்கப்படுகிறான். தன்னைக் குடியானவனாக நிலைநாட்டிக்கொள்ள அவனுக்கு எதிரே ஒரு மற்றமை தேவை. அந்த மற்றமையைக் காலனி அரசு சட்டமாக எழுதிக்கொடுத்தது.

சட்டத்துக்கு வருவோம். மெக்காலே 1837இல் வரைவு தயாரித்து 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 445ஆவது பிரிவு, வீடுடைப்பு எப்படி நடக்கும் என்று ஆறு வழிகளைச் சொல்லும். தானே போட்ட ஓட்டை வழியாக நுழைவது, சுவர் ஏறுவது, பூட்டைத் திறப்பது என்று போகும். தொலைந்த சாவியைக் கண்டெடுத்துத் திறந்து நுழைந்தால்கூட அது வீடுடைப்புதான் என்று எடுத்துக்காட்டு வேறு. பொற்கொல்லன் எட்டு சொன்னான், மெக்காலே ஆறோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் மெக்காலே பட்டியலில் ஒரு நேர்மை உண்டு. அது செயலைத்தான் வரையறுக்கிறது. செய்பவன் யாருடைய பிள்ளை என்று கேட்கவில்லை. அதே சட்டத்தின் 103ஆவது பிரிவு இன்னும் ஒரு படி போகிறது. இரவில் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது, வேறு வழியில்லாத நிலையில், உயிரையே எடுக்கும் அளவுக்கு வீட்டுக்காரனுக்குத் தற்காப்பு உரிமை உண்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதே உரிமை 41ஆவது பிரிவாக இருக்கிறது. இரவு, வீடு, உள்ளே உறங்குபவர்கள்: இந்த மூன்றும் சேர்ந்தால் சட்டத்தின் பார்வையில் அவ்வளவு புனிதம்.

இப்போது இன்னொரு சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1871இல் வட இந்தியாவுக்காக வந்த குற்றப்பழங்குடிகள் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை வீதிகளைக் காவல் காத்த அந்தக் கீழக்குயில்குடிதான் 1914இல் முதலில் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் முழுவதும். குறவர் உள்ளிட்ட பல சமூகங்களும் இந்த வலைக்குள் வந்தன. இந்தச் சட்டத்தைச் சனங்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும், இடம் மாறினால் சொல்ல வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். 1924ஆம் ஆண்டுச் சட்டத்தில், பதிவு செய்யப்பட்ட ஒருவர் திருடப்போகிறார் என்று நீதிமன்றம் நம்பும்படியான சூழ்நிலையில் ஓரிடத்தில் காணப்பட்டாலே மூன்றாண்டுவரை சிறை. திருடியிருக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளில் வைக்கவும் அதில் இடம் இருந்தது.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கடுமையாகப் படுவது இரவு பற்றிய பகுதி. பதிவான ஆண்கள் ராத்திரியில் போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச்சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். புது மாப்பிள்ளையும் அங்கேதான், நோயாளித் தகப்பனும் அங்கேதான். பெண்டாட்டி பிள்ளைகள் தனியாக வீட்டில். பதிவானவர்களின் குடியிருப்பை எப்போது வேண்டுமானாலும் அதிகாரிகள் சோதனையிட விதி செய்துகொள்ளலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது. ஆக ஒரே இரவில் இரண்டு வீடுகள். ஒன்றில் சுவரைத் தாண்டுபவனைக் கொல்லவும் வீட்டுக்காரனுக்கு உரிமை. இன்னொன்றில் கதவு தட்டப்பட்டால் திறந்தாக வேண்டும், திறப்பதற்கு ஆம்பளைகூட வீட்டில் இல்லை. முதல் வீட்டின் பாதுகாப்பு இரண்டாவது வீட்டின் பாதுகாப்பின்மையால் செய்யப்பட்டது. ஃபூக்கோவின் கண்காணிப்புக் கோபுரத்தை நாம் நிறையவே மேற்கோள் காட்டியாகிவிட்டது; அங்கே கைதி தன் அறையிலாவது தூங்கினான். இங்கே குற்றமே செய்யாத ஆள் தன் வீட்டைவிட்டுவிட்டுப் போய் ஸ்டேஷன் தரையில் படுத்தான்.

காவல்காரர் எப்படிக் குற்றப்பரம்பரை ஆனார் என்பதைத் திறமை, இழப்பு என்ற இரண்டு சொற்களில் விளங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். இரவை அறிந்திருப்பது, தடம் பார்ப்பது, ஆளை அறிவது எல்லாம் காவலுக்கான தகுதிகளாக இருந்தன. கூலியும் மானியமும் பறிக்கப்பட்ட பிறகு, வானம் பார்த்த பூமியில், அதே தகுதிகள் சந்தேகத்துக்கான அடையாளங்களாக மாறின. ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1978இலேயே கள்ளர் பற்றிய கட்டுரையில், குற்றப் பழங்குடி என்ற பிம்பத்தை மறுபரிசீலனை செய்யச் சொன்னார். தமிழ்ப் பொதுப்புத்திக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாய்ப் போய்ச் சேரவில்லை. சினிமாத் திருடனின் கன்னத்து மச்சத்தையும் கட்டம் போட்ட பனியனையும் பார்த்தாலே போதும்.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய வந்த போலீசை ஊர் எதிர்த்தது. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் 16 பேர் என்று ஊர் நினைவு வைத்திருக்கிறது. அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அது பாடப் புத்தகத்துக்குப் போயிற்று, இது நெடுங்காலம் சாதி வரலாறாக ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் ரேகைச் சட்டத்துக்கு எதிராக இந்த மக்களுக்காக நின்றார். கேரளத்துச் சிரியன் கிறித்தவரான அவருக்கு உசிலம்பட்டிச் சனங்கள் வைத்த பெயர் ரோசாப்பூ துரை. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு முத்துராமலிங்கத் தேவரும் கம்யூனிஸ்டுகளும் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுமைக்கும் 1952 ஆகஸ்ட் 31. ஆனால் சென்னையில் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிறப்பை எடுத்துவிட்டு வழக்கத்தைப் போட்டார்கள். ஸ்டேஷன் பதிவேடுகளில் குடும்பப் பெயர்கள் அப்படியே இருந்தன.

இதற்குப் பிறகு கள்ளர்கள் வாக்கு வங்கியாகவும், ஓரளவு நிலவுடைமையாகவும், சில இடங்களில் தலித்துகள் மேல் ஆதிக்கம் செலுத்தும் சாதியாகவும் எழுந்தது வேறு கதை; வலிக்கிற கதை. ஒருகாலத்தில் கதவில்லாமல் ஆக்கப்பட்ட வீட்டுக்காரர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர், சேரி வீடுகளுக்கு முன் கட்டையோடு நின்றிருக்கிறார்கள். ரேகைச் சட்டத்தின் நினைவு சாதிப் பெருமிதத்துக்கான மூலதனமாக மட்டும் பயன்படுவதை நான் ஏற்க மாட்டேன். அந்த நினைவு இன்று உரிமையோடு போய்ச் சேர வேண்டிய இடம் குறவர், ஒட்டர், இருளர் குடியிருப்புகள். அங்கே ராத்திரிக் கதவு தட்டல் இன்னும் நிற்கவில்லை.

1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் நடந்தது ‘ஜெய்பீம்’ படத்தால் 2021இல் எல்லாருக்கும் தெரியவந்தது. ஒரு வீட்டில் நகை காணவில்லை. அறுவடைக்கு வந்திருந்த குறவர் சமூகத்து ஆள் மேல் சந்தேகம். அவரைத் தேடிப் போன போலீஸ் மனைவியையும் உறவினர்களையும் பிடித்துக்கொண்டு போனது. அவர் உயிரோடு திரும்பவில்லை. படத்தைப் பார்த்து அழுத நண்பர்கள் பலர் வழக்கறிஞரைப் பற்றிப் பேசினார்கள், போலீஸ் கொடுமை பற்றிப் பேசினார்கள். வழக்கின் முதல் வரியை யாரும் தொடவில்லை. நகை போன வீட்டின் சந்தேகம் எந்தத் தடயமும் இல்லாமல் ஏன் நேராக அந்தக் குடிசைக்குப் போயிற்று? அந்த வழி புதிதாகப் போட்டதல்ல. 1911இலிருந்து சட்டத்தின் கால் பட்டுப் பட்டுத் தேய்ந்த தடம்.

நடுத்தர வர்க்கம் இப்போது பூட்டிலும் கேமராவிலும் நம்பிக்கை வைத்திருக்கிறது. பண்டு இயக்கம் தொடங்கிய அதே திண்டுக்கல்தான் பூட்டுக்கும் பேர்போன ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தற்செயல்தான், ஆனாலும் நினைவில் நிற்கிறது. பூட்டு ஒருவகையில் சனநாயகமானது. சாவி இல்லாதவன் யாராக இருந்தாலும் திறக்காது, சாதி பார்க்காது. கேமரா அப்படியில்லை. கேமரா படம் மட்டும்தான் பிடிக்கும். ‘சந்தேகத்துக்கிடமான நபர்’ யார் என்பதை அந்தப் படத்தைப் பார்க்கிற கண்தான் முடிவு செய்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் வீட்டுவேலைக்கு வரும் பெண்களின் பையைச் சோதிப்பதும், ஆதார் நகல் வாங்கி வைப்பதும், தனி லிஃப்ட் ஒதுக்குவதும் திருட்டுக்கு எதிரான ஏற்பாடு என்றுதான் சொல்லப்படுகிறது. ரேகை பதிதல் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அடுக்குமாடி வாசலுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. அங்கே வாசலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் காவலாளி பெரும்பாலும் பீகாரிலிருந்தோ நேபாளத்திலிருந்தோ நம் கிராமங்களிலிருந்தோ வந்தவர். பன்னிரண்டு மணி நேர வேலை, படுக்க மோட்டார் ரூம். வீடு காக்கிற அந்த ஆளுக்கு அங்கே வீடு இல்லை. ஏதாவது காணாமல் போனால் முதலில் கூப்பிட்டு விசாரிக்கப்படுவதும் அவர்தான்.

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் ஒப்பந்தக் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவர், பக்தர் ஒருவரின் காரிலிருந்து நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கு அழைத்துப் போகப்பட்டார். தனிப்படைப் போலீசார் அடித்ததில் இறந்தார். அவர்மேல் பழைய வழக்கு ஏதும் இல்லை. காரை நிறுத்தித் தரச் சொல்லிச் சாவி அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது என்பதுதான் அவருக்கு எதிராக இருந்த சாட்சியம்.